'நோ'வைக் கண்டதும் 'வேண்டாம்' என்று எழுதாதீர்கள்

இந்த மாதமும் அதே வாசகம் மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. மத்திய கிழக்கு வேலை ஒப்பந்தம் ஒன்றில் ஒரு வரி: "நோ ஃபீ மஸ்ட் பி பெய்ட் டு எனி ஏஜென்ட்." வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை அதை "முகவருக்குக் காசு கட்டத் தேவையில்லை" என்று வாசித்துக் காட்டியிருக்கிறது. "தேவையில்லைதான், ஆனா குடுத்தா அலுவல் கெதியா முடியும்" என்று உப முகவர் சொல்ல, நகை அடகுக்குப் போய்விட்டது. அந்த வரி சொல்வது வேறு. எந்த முகவருக்கும் காசு கொடுக்கவே கூடாது என்பதுதான் அதன் பொருள். கேட்கிறவரின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டியிருக்க வேண்டிய வரி அது.

ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கிருந்து தாள் வந்தாலும் தவறு ஒன்றேதான். எழுத்துப்பிழையோ சொல்லின் அர்த்தம் தெரியாமையோ அல்ல. ஒவ்வொரு சொல்லும் தெரிந்தவர்களே வாக்கியத்தைப் பிழையாக எடுக்கிறார்கள். கேட்டால் வரும் பதில்: "நோ இருக்குதானே, அப்ப இல்லதானே."

இந்த எண்ணம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். தமிழில் பெயர்ச்சொல்லுக்கு மறுப்பு ஒட்டுவதில்லை. "ஒருவரும் வரவில்லை" என்பதில் மறுப்பு முழுவதும் வினையில்தான் இருக்கிறது. "ஒருவரும் வந்தார்கள்" என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலம் வினையை அப்படியே விட்டுவிட்டு மறுப்பைப் பெயரில் வைத்துவிடும்: "நோபடி கேம்." இதைத் தமிழாக்கும்போது நாம் மறுப்பைப் பெயரிலிருந்து எடுத்து வினையில் போடுகிறோம். வெறும் வினையாக இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. வினையோடு மஸ்ட், நீட், மே, கேன், குட் என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அங்கே இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று கட்டாயம் அல்லது அனுமதி அல்லது சாத்தியம். மற்றது மறுப்பு. இந்த இரண்டில் எது எதை ஆளுகிறது? கட்டாயமே இல்லை என்கிறார்களா, செய்யாமல் இருப்பதைக் கட்டாயம் என்கிறார்களா? முன்னது தேவையில்லை, பின்னது கூடாது. 'நோ' என்ற சொல்லை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. விடை பக்கத்திலுள்ள துணைவினையில் இருக்கிறது.

'மஸ்ட்' மறுப்புக்குக் கீழே போகாது. அதன் கட்டாயம் எப்போதும் மேலே நிற்கும். 'நோ' எழுவாயில் வந்தாலும் செயப்படுபொருளில் வந்தாலும் இதில் மாற்றமில்லை. "நோ வேர்க்கர் மஸ்ட் லீவ் த சைட்" என்றால் எந்தத் தொழிலாளியும் வேலைத்தளத்தை விட்டு வெளியேறக் கூடாது. "த வேர்க்கர் மஸ்ட் சைன் நோ அதர் டொக்கியுமென்ட்" என்றால் வேறு எந்தப் பத்திரத்திலும் ஒப்பமிடக் கூடாது. 'நீட்' நேர் எதிர். மறுப்பு எங்கே வந்தாலும் அதன் கட்டாயத்தை நீக்கிவிடும். "நோ வேர்க்கர் நீட் சைன்" என்றால் எவரும் ஒப்பமிட வேண்டிய கட்டாயமில்லை, விரும்பினால் இடலாம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் "த டெனன்ட் நீட் மேக் நோ ரிப்பெயர்ஸ்" என்று இருந்தால் திருத்த வேலை குடியிருப்பவரின் பொறுப்பல்ல. அதே இடத்தில் 'மஸ்ட்' இருந்தால், உடைந்த குழாயைக்கூட அவர் தன்பாட்டில் மாற்றக் கூடாது. ஒரே ஒரு துணைவினை மாறினால் யார் செலவழிப்பது, யார் கைவைக்கக் கூடாது என்பதே மாறிவிடுகிறது.

'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டும் ஒன்று என்று வகுப்பில் படித்தது உடன்பாட்டு வாக்கியத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மறுப்பு வந்ததும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. "நோபடி ஹேஸ் டு பே" என்றால் யாருக்கும் கட்டாயமில்லை. "நோபடி மஸ்ட் பே" என்றால் யாரும் கட்டக் கூடாது. "யூ ஹேவ் டு பே நத்திங்" என்பதும் பெரும்பாலும் கட்டத் தேவையில்லை என்ற பொருளிலேயே வரும். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'மஸ்ட் நொட்', 'நீட் நொட்' இரண்டையும் நன்றாகத்தான் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அதே பாடத்தில் 'நொட்'டை எடுத்துவிட்டு 'நோ', 'நோபடி', 'நத்திங்' போட்டு நான்கு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

நம் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது, அது 'வேண்டாம்'. தாய் பிள்ளையிடம் "கிணத்தடிக்குப் போக வேண்டாம்" என்றால் தடை. வங்கியில் "இந்தப் படிவத்துக்குக் காசு கட்ட வேண்டாம்" என்றால் சலுகை. பேசும்போது குரலும் இடமும் காப்பாற்றிவிடும். தாளில் அவை இல்லை. 'மஸ்ட்' வாக்கியத்துக்கும் 'நீட்' வாக்கியத்துக்கும் 'வேண்டாம்' என்றே எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்த மொழிபெயர்ப்புகள் வருகின்றன. தயவுசெய்து சட்டப் பத்திரத்தில் இந்தச் சொல்லைப் போடாதீர்கள். 'கூடாது' என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் 'தேவையில்லை', 'கடமை இல்லை' என்று எழுதுங்கள்.

'ஷல்' ஒப்பந்தங்களில் தடையாகத்தான் வரும். "நைதர் பார்ட்டி ஷல்" என்று தொடங்கினால் இரு தரப்பும் செய்யக் கூடாது. ஆனால் "ஷல் பி அண்டர் நோ ஒப்ளிகேஷன்" என்றால் கடமை இல்லை என்பது மட்டுமே. தரமாட்டார்கள் என்று அர்த்தமில்லை, கேட்டுப் பார்க்கலாம். 'ஷுட்' வந்தால் அறிவுரையாகச் செய்யாதிருக்கச் சொல்கிறது.

'மே'தான் உண்மையில் சிக்கலானது. 'நோ' எழுவாயில் இருந்தால் தெளிவு: "நோ விசிட்டர் மே என்டர்", எந்தப் பார்வையாளரும் உள்ளே வரக் கூடாது. பின்னால் வந்தால் இரண்டு வழி திறக்கும். "த டெனன்ட் மே மேக் நோ ஆல்ட்டரேஷன்ஸ்" என்றால் குடியிருப்பவர் கட்டடத்தில் மாற்றம் செய்யக் கூடாது. "த எம்ப்ளோயர் மே கிவ் நோ நோட்டிஸ்" என்பதோ, முன்னறிவித்தல் தராமல் விடவும் தொழில் தருநருக்கு அனுமதி உண்டு என்று வாதாட இடம் தருகிறது. இரண்டின் அமைப்பும் ஒன்றுதான். வாசிக்கும்போது எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பதில் ஆங்கிலேயர் வேறுபாடு காட்டுவார்கள், அச்செழுத்தில் அழுத்தம் தெரியாது. இப்படிப்பட்ட வரியை ஊகித்து மொழிபெயர்ப்பது தவறு. எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும்.

சாத்தியத்தைச் சொல்லும் 'மே' வேறு ரகம். தனியார் கல்வி நிறுவனத்தின் விண்ணப்பத்தில் "தேர் மே பி நோ ரீஃபண்ட்" என்றால் பணம் திரும்பக் கிடைக்காமல் போகலாம். "தேர் கேன் பி நோ ரீஃபண்ட்" என்றால் திரும்பக் கிடைக்கவே மாட்டாது. முதலாவதைக் கண்டு "காசு போச்சு" என்று விட்டவர்களும் உண்டு, இரண்டாவதைக் கண்டு நம்பிக்கையோடு காத்திருந்தவர்களும் உண்டு. 'மஸ்ட்'டுக்கும் இப்படி ஊகப் பொருள் இருக்கிறது. "ஹி மஸ்ட் ஹேவ் நோ மனி" என்றால் அவரிடம் காசு இல்லாமல்தான் இருக்கும் என்ற ஊகம். அங்கே போய் 'கூடாது' என்று எழுதினால் அபத்தமாகும்.

சத்தியக்கடதாசி எழுதுவோர் கவனிக்க வேண்டியது 'குட் ஹேவ்'. "த விட்னஸ் மே ஹேவ் சீன் நத்திங்" என்றால் சாட்சி எதையும் பார்க்காமல் இருந்திருக்கலாம், இது வெறும் சாத்தியம். "த விட்னஸ் குட் ஹேவ் சீன் நத்திங்" என்றால் அந்தப் பொருளும் வரும், அவர் எதையும் பார்த்திருக்கவே முடியாது என்ற பொருளும் வரும். இரண்டாவது பொருளில் சாட்சியம் முழுவதும் அடிபட்டுப்போகும்.

மருந்துத் தாள்களில் 'நோ மோர் தான்' (அதற்கு மேல் இல்லை), 'நத்திங் பட்' (அது மட்டும்) இரண்டும் இதே குழப்பத்தைத் தரும். 500 மில்லிகிராம் பரசிற்றமோல் பெட்டியில் "யூ மஸ்ட் டேக் நோ மோர் தான் 8 டேப்லெட்ஸ் இன் 24 அவர்ஸ்" என்றால் வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் 8 மாத்திரைக்கு மேல் எடுக்கவே கூடாது. 4 கிராமைத் தாண்டினால் ஈரலைப் பாதிக்கலாம். 8 எடுக்க வேண்டும் என்றோ, அதற்குமேல் தேவைப்படாது என்றோ எடுக்காதீர்கள். சத்திரசிகிச்சைக்கு முன் "யூ மே ஹேவ் நத்திங் பட் கிளியர் ஃப்ளூயிட்ஸ்" என்று இருந்தால் தெளிவான நீராகாரம் மட்டும் எடுக்கலாம். 'நத்திங்'கைக் கண்டு தண்ணீரையும் நிறுத்தி நோயாளியை வாட விடுகிறார்கள். பொதுவான நடைமுறையில் திண்ம உணவை 6 மணித்தியாலத்துக்கு முன்னும் தெளிவான நீராகாரத்தை 2 மணித்தியாலத்துக்கு முன்னும் நிறுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு எத்தனை மணி என்பதை வாட்டிலேயே கேளுங்கள்.

ஒரு தாள் கையில் வந்தால் முதலில் பென்சிலால் நோ, நன், நோபடி, நத்திங், நைதர் எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய துணைவினையின் கீழ் கோடு போடுங்கள். பிறகு அந்த வரியைத் தமிழில் இரண்டு விதமாக எழுதுங்கள்: ஒன்று 'செய்யக் கூடாது', மற்றது 'செய்யாமலும் விடலாம்'. மஸ்ட் என்றால் முதலாவது, நீட் அல்லது ஹேவ் டு என்றால் இரண்டாவது. மே, கேன், குட் என்றால் 'நோ' எழுவாயிலா பின்னாலா என்று பாருங்கள். பின்னால் இருந்து இரண்டு பொருளும் இடத்துக்குப் பொருந்தினால் நிறுத்துங்கள். கைபேசிச் செயலியிடம் கேட்காதீர்கள். அது ஏதாவது ஒன்றைத் தரும், மற்றது இருப்பதைச் சொல்லாது.

கேட்க வேண்டியது ஒப்பந்தத்தைத் தந்தவரிடம், அதுவும் எழுத்தில். "இந்த வரியின் பொருள் 'நொட் பெர்மிட்டெட் டு' (அனுமதி இல்லை) என்பதா, 'நொட் ரிக்வயர்ட் டு' (கட்டாயம் இல்லை) என்பதா?" இந்த இரண்டு தொடரிலும் குழப்பத்துக்கு இடமில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பதில் வந்தால் போதாது. திருத்திய வரியைப் பத்திரத்திலேயே எழுதி இரு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும்.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சொல். இரட்டைப் பொருளுள்ள வரியில் நாம் ஒன்றைத் தெரிவுசெய்தால் நீதிமன்றம் பார்க்க வேண்டிய வாதத்தை நாமே தீர்த்துவிடுகிறோம். ஒரு பொருளை மொழிபெயர்ப்பிலேயே எழுதி, மற்றதை "மூலத்தில் இப்படியும் பொருள் கொள்ளலாம்" என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகக் கீழே போடுங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும், குறிப்பு அசிங்கமாகத் தெரிகிறது என்று முகம் சுழித்தாலும், அதை எடுத்துவிட்டு முத்திரை குத்தாதீர்கள்.