லாரிக் காற்று இல்லை, தம்பி

“முன்னாடி போன ஏடிஆர் விமானம் இறங்கி, ரன்வேயை விட்டுத் திரும்பியே போயிடுச்சு சார், இன்னும் ஏன் காத்திருக்கணும்?” இந்த வாரமும் ஒரு மாணவர் கேட்டுவிட்டார். தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து விமானம் ஓட்டப் படிக்க வரும் பிள்ளைகள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “தொப்பூர் கணவாயில டேங்கர் உரசிப் போனா பைக் ஆடுமே, அதுதானே வேக் டர்புலன்ஸ்?”

இல்லை. லாரிக் காற்று லாரியோடு போய்விடும். வேக் டர்புலன்ஸ், அதாவது விமானம் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல், விமானம் போன பிறகும் நிமிடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். என்ஜின் ஊதும் காற்றும் இல்லை. ஜெட்டுக்குப் பின்னால் நிற்காதே என்பது வேறு பாடம். இது இறக்கையின் வேலை. இறக்கை விமானத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் வரை இரு நுனிகளிலும் காற்று சுருண்டுகொண்டே இருக்கும். என்ஜினை ஐடிலுக்கு (மிகக் குறைந்த ஓட்டத்துக்கு)க் கொண்டுவந்து இறங்கினாலும் சுருளும். முன்சக்கரம் தரையைத் தொட்டால்தான் புதிதாகச் சுருள்வது ஓயும். எடை கூடினால், வேகம் குறைந்தால் சுழலுக்குப் பலம் அதிகம்.

ஏடிஆர் 72 சுமார் 23 டன். உங்கள் பயிற்சி விமானம் செஸ்னா 172 ஒரு டன் சொச்சம். 2017 ஜனவரியில் அரபிக் கடலுக்கு மேல், தனக்கு 1000 அடி மேலே எதிர்த்திசையில் கடந்த ஏ380 என்ற பிரம்மாண்ட பயணிகள் விமானத்தின் சுழலில் சிக்கிய சேலஞ்சர் 604 என்ற சிறிய ஜெட் பலமுறை உருண்டு சுமார் 9000 அடி இறங்கிவிட்டது. அதற்கு விழ உயரம் இருந்தது. ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில், 300 அடியில் உங்களிடம் என்ன இருக்கிறது?

காற்றே அசையாத மார்கழிக் காலையை எல்லாருக்கும் பிடிக்கும். சுழலுக்கும்தான், கலைக்க ஆளில்லை. மெல்லிய பக்கக் காற்று இன்னும் மோசம்; விலகிப் போக வேண்டிய சுழலை ரன்வே மேலேயே நிறுத்தி வைக்கும்.

சுழல் கீழே இறங்கும். அதனால் முன்னால் போனவர் பாதைக்கு மேலேயே வாருங்கள். அவர் தொட்ட இடத்தைத் தாண்டித் தொடுங்கள். அவர் டேக்-ஆஃப் ஆகியிருந்தால் நேர்மாறு, மூக்கைத் தூக்கிய இடத்துக்கு நன்றாக முன்பே தரையிறங்கிவிடுங்கள். ஹெலிகாப்டர் மிதந்து நின்றால் ரோட்டர் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது தள்ளிப் போங்கள்.

லேண்டிங் க்ளியரன்ஸ் (இறங்க டவர் தரும் அனுமதி) என்றால் ரன்வே காலி, அவ்வளவுதான். முன் விமானத்தைக் கண்ணால் பார்த்து வருகிறேன் என்று டவரிடம் ஒப்புக்கொண்டால் இடைவெளி உங்கள் பொறுப்பு. மீடியம் (நடுத்தர எடை) ரக விமானத்துக்குப் பின்னால் இறங்கும் இலகு விமானத்துக்கு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ சொல்லும் 3 நிமிடத்தை மனதில் வையுங்கள். இறக்கை லேசாக ஆடினாலே இறங்காமல் மேலேறி கோ-அரவுண்ட் போங்கள், தயவுசெய்து. இன்னொரு சர்க்யூட்டுக்கு, அதாவது ரன்வேயைச் சுற்றி மறுபடி வருவதற்கு, ஆகும் காசை உங்கள் வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன்.