மெய்ப்பு நாணயமா, சான்று நாணயமா?

ஆங்கிலத்தில் 'புரூஃப் காயின்' என்பதைத் தமிழில் 'சான்று நாணயம்' என்று எழுதுவதை யாராவது நிறுத்தினால் நல்லது. அகராதியில் புரூஃப் என்ற சொல்லுக்கு எதிரே முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டதன் விளைவு இது. மூலமான இலத்தீன் 'புரொபாரே'வுக்குச் சோதித்துப் பார்த்தல் என்று பொருள். நாணயம் அடிக்கும் புதிய அச்சு சரியாகப் பதிகிறதா என்று பார்க்க அடித்ததுதான் முதலில் புரூஃப். மெருகேற்றிய தகட்டை மெருகேற்றிய அச்சால், ஒரு தடவைக்கு மேல், அதிக அழுத்தத்தில் அடித்துச் சேகரிப்பாளருக்கென்றே தயாரிக்கும் நாணயத்துக்கு அந்தப் பெயர் பின்னால் நிலைத்தது.

சான்று என்பது வேறு வேலை. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் நாணயத்தை ஆராய்ந்து, 70 வரையிலான தர எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து அனுப்புகின்றனவே, அதுதான் சான்றளிப்பு. அப்படியானால் உறையில் ஏறாதது என்ன, சான்றளிக்கப்படாத சான்று நாணயமா? வாங்குகிறவர் பாவம்.

இதே குழப்பத்தின் தங்கைதான் 'புரூஃப் தரம்'. புரூஃப் என்பது தயாரிப்பு முறை, தரமல்ல. கைமாறிப் புழங்கித் தேய்ந்தாலும் அது புரூஃப்தான். புரூஃபுக்குக் கொடுக்கும் தர எண்ணான பிஎஃப் எண் 60க்குக் கீழே இறங்கும், அவ்வளவே. (பிசிஜிஎஸ் இதையே பிஆர் என்று எழுதும்.) பளபளப்பு கூடட்டும் என்று துணியால் துடைத்தால் கண்ணாடிப் பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழும். கீறல் மிகுந்தால் எண்ணே கிடைக்காது, 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்புதான் வரும். பிவிசி உறையில் நெடுநாள் வைத்தாலும் பரப்பு கெடும். மைலார் என்ற பாலியஸ்டர் உறையில் போட்டு, விளிம்பை மட்டும் பிடித்துக் கையாள வேண்டும்.

கண்ணாடிபோல் மின்னுவதால் 'ஆடி நாணயம்' என்போர் பரவாயில்லை, நாணயத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 1909 முதல் 1916 வரையிலான அமெரிக்க லிங்கன் சென்ட் புரூஃப்களில் ஆடியே இல்லை; அவை மங்கலான மேட் பரப்பு கொண்டவை. மறுபக்கம், புழக்கத்துக்கென அடித்த மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயங்களில் சில, மெருகு குலையாத அச்சில் அடித்ததால் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும். அவற்றுக்குத் தேயாத புழக்க நாணயத்துக்கான எம்எஸ் எண்ணோடு, புரூஃப் போன்றது (புரூஃப்லைக்) என்னும் பிஎல் குறிதான் கிடைக்கும், பிஎஃப் அல்ல. இரண்டையும் ஆடி என்றால் சான்றளிப்புக்கு அனுப்பும் படிவத்தில் எதை எழுதுவது?

அச்சகத்தில் மெய்ப்பு என்ற சொல் எப்போதோ வேரூன்றிவிட்டது. சோதனை அச்சு என்ற அதே பொருள்தான். மெய்ப்பு நாணயம் என்போம். பிஎல் வகையை மட்டும் 'மெய்ப்புப் போலி' என்று பெயர்த்துவிடாதீர்கள். போலி என்ற சொல்லைப் பார்த்ததும் வாங்க வந்தவர் ஓடிவிடுவார். 'மெய்ப்பொத்த நாணயம்' போதும்.