பழைய பாய்மரப் படகுக்குள் தண்ணீர் போன வழி

காலியிலோ திருகோணமலையிலோ பல வருடம் ஓடிய ஒரு பாய்மரப் படகை வாங்கி, கினிகத்தேனை வளைவுகளில் மெல்ல மேலேற்றி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறக்க ஆசைப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே படகு விட அனுமதி எடுப்பது தனி வேலை. பணம் கொடுக்கும் முன்பே அதை முடித்துக்கொள்ளுங்கள். இங்கே நான் பேசப்போவது படகைப் பற்றி மட்டும். வெளியே பளபளவென்று இருக்கும் பழைய படகு உள்ளே எப்படி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படகை மிதக்க வைப்பதும் தண்ணீர், அரிப்பதும் தண்ணீர். ஆகவே பழைய படகைச் சோதிக்கிறவர் தேட வேண்டியது ஒன்றுதான்: இத்தனை வருடத்தில், போகக் கூடாத இடங்களுக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போயிருக்கிறது? கடலில் ஓட்டுவதற்கு வாங்குகிறவரும் இதையேதான் தேடுவார். ஆனால் மலைநாட்டு நன்னீரில் விடப்போகிறவருக்குச் சில பதில்கள் தலைகீழாக மாறும். கடற்கரையில் கேட்டு வாங்கிய அறிவுரையை அப்படியே மேலே கொண்டுவர முடியாது.

முதலில் படகின் உடல். கடந்த அரை நூற்றாண்டில் செய்யப்பட்ட பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவை பைபர் படகுகள். கண்ணாடி இழைப் பாய்களைப் பொலியெஸ்டர் ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, வெளியே ஜெல்கோட் என்ற மெல்லிய பூச்சைக் கொடுத்திருப்பார்கள். அதன் தடிப்பு அரை மில்லிமீட்டர் அளவுதான். பார்வைக்கு அது கண்ணாடி மாதிரி இறுக்கமாக இருந்தாலும் நீர் மூலக்கூறுகள் அதற்குள் மெதுவாக ஊடுருவும். உள்ளே போன நீர், ரெசினில் சரியாக இறுகாமல் விட்ட பகுதிகளைக் கண்டால் அங்குள்ள எஸ்டர் பிணைப்புகளை உடைக்கிறது. இதுதான் நீர்ப்பகுப்பு. அதில் அமிலங்களும் கிளைக்கோல்களும் உண்டாகி, ஜெல்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் நுண்ணிய வெற்றிடங்களில் கரைசலாகத் தேங்குகின்றன. வெளியே நீர்த்த தண்ணீர், உள்ளே செறிந்த கரைசல், நடுவில் ஜெல்கோட் என்ற சவ்வு. பள்ளிக்கூடத்தில் படித்த பிரசாரணத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே தயார். நீர் உள்ளே இழுபட்டுக்கொண்டே போகும், அழுத்தம் கூடும், ஒரு நாள் படகின் அடியில் கொப்புளங்கள் எழும்பும். ஒன்றைக் குத்தினால் விரலில் பிசுபிசுக்கும் நீர் வரும், வினாகிரி மாதிரி நெடி அடிக்கும். சில நேரம் பீய்ச்சியடிக்கவும் செய்யும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குத்தாதீர்கள்.

உப்பு நீர்தான் எதையும் அரிக்கும், நன்னீர் மென்மையானது என்ற எண்ணம் நம்மில் எல்லோருக்கும் உண்டு. கொப்புளம் விடயத்தில் அது பொய்த்துப்போகிறது. கடல் நீரில் உப்பு கரைந்திருப்பதால் அதற்கே ஏறக்குறைய 25 வளிமண்டல அளவு பிரசாரண அழுத்தம் இருக்கிறது. அந்த அளவுக்கு அது நீரைத் தன் பக்கமே பிடித்து வைத்திருக்கும். படகின் உடலுக்குள் இருக்கும் கரைசல் அதை மிஞ்சினால்தான் நீரை இழுக்க முடியும். காசல்ரீயில் நிற்பது மலையிலிருந்து வடியும் மழைத் தண்ணீர். அதில் கரைந்திருப்பது மிகக் குறைவு. உள்ளே கொஞ்சம் கரைசல் இருந்தாலே போதும், இழுப்பு தொடங்கிவிடும். அதனால் கடலில் பல வருடம் கொப்புளமே காட்டாமல் நின்ற படகு, நன்னீரில் தொடர்ந்து கிடந்தால் கொப்புளம் காட்டத் தொடங்கலாம். நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு: மலைநாட்டுத் தண்ணீர் குளிர்ந்தது. வெப்பம் குறையும்போது நீர் ஊடுருவும் வேகமும் நீர்ப்பகுப்பின் வேகமும் குறையும். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். ஓட்டி முடித்ததும் படகைக் கரையேற்றி வைப்பதே சரியான மருந்து.

கொப்புளம் இருந்தாலே படகு வீண் என்று சொல்லமாட்டேன். பெரும்பாலும் அது மேலோட்டமான நோய், படகை மூழ்கடிப்பது மிக அரிது. 1970களிலும் 80களிலும் செய்த பல படகுகளில் இது இருக்கிறது. பின்னால் வந்த ஐசோதாலிக், வைனைல் எஸ்டர் ரெசின்கள் நீரை நன்றாகத் தாங்குகின்றன. பழைய படகில் கொப்புளம் இருந்தால், விலையைக் குறைத்துப் பேச அது நல்ல காரணம். ஆனால் பழுதுபார்ப்பதை எங்கே செய்வது என்பதில் மலைநாட்டார் கவனமாக இருக்க வேண்டும். ஜெல்கோட்டைச் சுரண்டி எடுத்து, நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவி, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காயவிட்ட பிறகுதான் எபொக்ஸி பூச முடியும். மூடுபனியும் தூறலும் மாறி மாறி வரும் ஹட்டன் பக்கத்தில் அது எப்போது காய்வது? ஈரத்தை உள்ளே வைத்து எபொக்ஸி பூசினால் நோயை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். அந்த வேலையை உலர் வலயத்தில் முடித்துவிட்டு மேலே கொண்டுவருவதே புத்தி.

அடுத்தது தளம், அதாவது நாம் ஏறி நடக்கும் மேல்தளம். என் கருத்தில் பழைய படகின் உண்மையான செலவு ஒளிந்திருப்பது இங்கேதான். தளத்தைப் பாரமில்லாமலும் விறைப்பாகவும் வைப்பதற்காக இரண்டு பைபர் தகடுகளுக்கு நடுவே பல்சா மரமோ நுரைப் பலகையோ வைத்து ஒட்டுவார்கள். இரண்டு தகடும் ஒன்றோடொன்று நகராமல் அந்த நடுப்பகுதி பிடித்துக்கொள்வதால்தான் விறைப்பு கிடைக்கிறது. பிறகு கைப்பிடி, கொக்கி, கயிறு சுற்றும் கட்டை என்று பொருத்துவதற்காக அதே தளத்தில் துளை போடுகிறார்கள். துளையைச் சுற்றிய பசை வருடக்கணக்கில் இறுகி வெடிக்கும். லயத்துத் தகரக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். தகரம் நன்றாகத்தான் இருக்கும், ஆணித் துளை வழியாக இறங்கிய மழை அடியில் இருக்கும் மரத்தைத் தின்றிருக்கும். படகின் தளத்திலும் அதேதான் நடக்கிறது. இங்கே அடியில் இருக்கும் மரம் கண்ணுக்கே தெரியாது, அது மட்டும்தான் வித்தியாசம். மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது, மழைநீர் பிடிக்கும். இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் வட்டவளையும் கினிகத்தேனையும் அடங்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கடற்கரையில் மெல்ல நடந்துகொண்டிருந்த உளுப்பு இங்கே வேகம் பிடிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல் போதும். தளத்தில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். தகடும் நடுப்பகுதியும் ஒட்டியிருந்தால் அந்த இடம் விறைப்பாக இருக்கும், அதிர்வு வேகமாக நடக்கும், ஒலி கூர்மையாக, தெளிவாகக் கேட்கும். ஒட்டு விட்டிருந்தால் மேல் தகடு மட்டும் தனியாகத் தளர்ந்து ஆடும், ஒலி தாழ்ந்து மந்தமாகும். ஈர மரமாக இருந்தால் அதிர்வை விழுங்கி இன்னும் செத்த சத்தம் தரும். உள்ளே தடுப்புச் சுவர் இருக்கும் இடத்திலும் ஒலி மாறும். ஆகவே ஒலி மாறியதுமே பயப்படாமல், அடியில் என்ன இருக்கிறது என்று உள்ளே போய்ப் பாருங்கள். மாறிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே வந்தால், கடைசியில் அந்த வட்டங்கள் ஏதாவது ஒரு கொக்கியைச் சுற்றிக் கூடியிருப்பதைக் காண்பீர்கள். தண்ணீர் புகுந்த வாசல் அதுதான்.

ஈரம் அளக்கும் கருவியும் உண்டு. அது மின்புலத்தை உள்ளே செலுத்தி, பொருள் அதற்கு எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்று பார்க்கிறது. அந்த ஈடுகொடுப்பைச் சொல்லும் எண்ணான மின்கோடுபுகு மாறிலி உலர்ந்த பைபருக்கு 4, 5 என்ற அளவில் நிற்கும், நீரின் மாறிலி 80 வரை போகும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் முள் எகிறுவது இதனால்தான். ஆனால் அடியில் ஓர் உலோகத் தகடு இருந்தாலும், செம்பு கலந்த பெயின்ட் இருந்தாலும், காலையில்தான் படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றியிருந்தாலும் அது பொய் சொல்லும். தட்டிக் கேட்ட ஒலியும் கருவியின் எண்ணும் ஒரே இடத்தைக் காட்டினால் மட்டும் நம்புங்கள். “போன மாசம்தான் பெயின்ட் அடிச்சது, அண்ணே” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்தப் பெயின்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இனி கீல், அதாவது படகின் அடியில் துடுப்புப் போல நீண்டு நிற்கும் பகுதி. பெரிய படகுகளில் ஈயத்தாலோ வார்ப்பிரும்பாலோ ஆன கனமான கீலை அடியில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். காற்று படகைச் சாய்க்கும்போது அதை நிமிர்த்துவது இந்தக் கனம்தான். அந்த நேரத்தில் போல்ட்டுகள் படும் பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ கீல், அதன் ஈர்ப்பு மையம் இணைப்புக்கு 1 மீட்டர் கீழே. படகு முழுவதும் பக்கவாட்டில் சரிந்துவிட்டால், 20 சென்ரிமீட்டர் அகலமே உள்ள அந்த இணைப்பின் ஒரு பக்கத்துப் போல்ட்டுகளில் ஏறத்தாழ 5 தொன் இழுவிசை விழும். கீல் பாறையில் இடித்தாலும் இதே நெம்புகோல் வேலைசெய்யும், அதுவும் ஒரே அடியாக.

2014 மே மாதம் அத்திலாந்திக்கில் ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற பாய்மரப் படகின் கீல் கழன்று, அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும், அதன் பின் கீல் பொருந்தும் இடத்தில் செய்த பழுதுபார்ப்புகளும் அந்த இணைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரித்தானியாவின் கடல் விபத்து விசாரணை அறிக்கை சொன்னது. ஆகவே விற்பவரிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் படகு எப்போதாவது தரைதட்டியதா? பதில் எதுவானாலும் நீங்களும் பாருங்கள். கீலும் உடலும் சேரும் கோட்டில் முன்பக்கம் வாய் பிளந்தாற்போல் வெடிப்பு, அதிலிருந்து வடியும் துருநீர், உள்ளே கீலின் பின்முனைக்கு நேரே இருக்கும் சட்டங்களில் மயிரிழைக் கீறல்கள். கீல் முன்னால் இடித்தால் அதன் பின்முனை மேல்நோக்கித் தள்ளும், அதனால்தான் சேதம் பின்னால் தெரிகிறது.

மலை நீர்த்தேக்கத்தில் இடிப்பதற்கு ஏராளமாக இருக்கிறது. 1969இல் எழுந்த மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலின் கட்டடம் வெளியே தெரியும். கால்வாசி இறங்கினால் அந்தச் சுவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் கீலுக்கு எட்டும் ஆழத்தில் நிற்கும். நிலையான கீல் உள்ள படகை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், மலைப்பாதை இரண்டாவது காரணம்.

உலோகங்களில் நன்னீர் நமக்கு உதவுகிறது. பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டெயின்லஸ் ஸ்டீல் கம்பிவடத்தைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் படர்ந்த குரோமியம் ஒட்சைட்டுப் படலம். கீறல் விழுந்தால் அது தானாகவே மூடிக்கொள்ளும், ஆனால் அதற்கு ஒட்சிசன் வேண்டும். வடத்தின் முனையை அழுத்திப் பொருத்திய குழலுக்குள் ஒட்சிசன் போகாது, கடலிலிருந்து வந்த குளோரைட்டு மட்டும் தேங்கி நிற்கும். மேலே பளபளக்கும் கம்பி உள்ளே குழிகுழியாக அரிபடுவது அங்கேதான். கீழ் முனைகளின் வாய் மேல்நோக்கித் திறந்திருப்பதால் நீர் அவற்றில்தான் சேரும், முதலில் அவற்றைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வடத்தின் மேல் ஒரு பருத்தித் துணியை ஓட்டுங்கள். அது சிக்கினால் ஓர் இழை அறுந்திருக்கிறது, அந்த வடம் மாற்றப்பட வேண்டும். 10 வருடம் கடந்த வடங்களை, பார்வைக்கு எப்படி இருந்தாலும், மாற்றிவிடும் வழக்கம் பல படகுக்காரர்களிடம் இருக்கிறது. கடலில் ஓடிய படகு மேலே வந்த பிறகும் பழைய உப்பு அந்தக் குழல்களுக்குள்தான் இருக்கும். எனவே இந்தச் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

மற்ற உலோகங்களைக் காப்பதற்காகத் தன்னையே கரைத்துக்கொள்ளும் நாக (சிங்க்) கட்டிகளைக் கடற்படகுகளில் பொருத்தியிருப்பார்கள். நன்னீரில் நாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து அது வேலை செய்வதை நிறுத்திவிடும். இங்கே மகனீசியக் கட்டி வேண்டும். அதையே கடலுக்குக் கொண்டுபோனால் வெகு சீக்கிரம் கரைந்து தீர்ந்துவிடும்.

காற்றுக்கு வருவோம். காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரையும் சேர்த்துக் கணக்கிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியாவின் 1,868 மீட்டரில் ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே வேகக் காற்று பாயில் தரும் தள்ளலும் அந்த அளவுக்குக் குறையும். இதைக் கேட்டுவிட்டு, வடங்கள் கொஞ்சம் பழையதாக இருந்தாலும் தாங்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். தள்ளல் காற்றின் அடர்த்தியோடு நேர்விகிதத்தில்தான் மாறுகிறது, வேகத்தோடு மாறும்போது அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. மலைகளுக்கு நடுவே அமைதியாக வீசும் காற்று ஒரு பள்ளத்தாக்கு வழியாகத் திடீரென்று இரட்டிப்பு வேகத்தில் பாய்ந்தால் சுமை நான்கு மடங்காகும். பத்தில் ஒரு பங்குச் சலுகை அதன் முன்னால் எந்த மூலைக்கு?

உயரம் பாய்த்துணியையும் தொடும். 1,000 மீட்டர் ஏறும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடும். துணியைவிடத் தையல் நூல் முதலில் நொறுங்கும். தையலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நூல் பொடிந்தால் மறுதையல் போட வேண்டும். துணியே கையால் கிழிந்தால் அந்தப் பாய்க்கு விலையே இல்லை.

இயந்திரமும் காற்றைச் சுவாசித்துத்தான் வேலை செய்கிறது. கரையோரத்தில் ஓட்டிப் பார்த்தபோது காட்டிய வலுவில் பத்தில் ஒரு பங்கை மேலே இழந்துவிடும். பழைய கார்புரேட்டர் இயந்திரம் பெற்றோலை மட்டும் குறைக்காமல் ஊற்றிக்கொண்டிருப்பதால் கரும்புகை விடும், பிளக் கரி பிடிக்கும். பெற்றோல் வரும் சிறு துளையான ஜெட்டை மாற்றி, ஒரு சுற்றுக்கு முன்னே தள்ளும் தூரம் குறைந்த ஒரு விசிறியையும் பொருத்தினால் சரியாகும்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் மலைநாட்டு நீர்த்தேக்கத்துக்கு நான் தேடச் சொல்வது ஐந்து, ஆறு மீட்டர் நீளமுள்ள படகு. அடியில் நிலையான கீலுக்குப் பதிலாகத் தூக்கி மடக்கக்கூடிய பலகை. நடுவில் மரம் வைக்காத, முழுப் பைபரால் ஆன உடல். டிரெய்லரில் ஏற்றிவர முடிய வேண்டும், ஓட்டி முடித்ததும் அதே டிரெய்லரில் கரையேற்றிக் காயவிடவும் முடிய வேண்டும். பார்க்கப் போகும் நாளை மழை பெய்து ஓய்ந்த மறுநாளாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளே இருக்கும் பெட்டிகளை எல்லாம் திறந்து, மூலைகளைக் கையால் தடவிப் பாருங்கள்.