யாரோடு சாலையைக் கடக்கிறது உங்கள் குழந்தை?

என் மேசையின் அடி இழுப்பறையில் ஒரு சாலை இருக்கிறது. சுருட்டி வைத்த கறுப்புத் துணி, அதில் வெள்ளைக் கோடுகள், தீப்பெட்டி அளவில் பத்துப் பதினைந்து வண்டிகள், ஒரு வளைவு, ஒரு மேடு, இரண்டு மரப் பொம்மைகள். குழந்தை உளவியல் ஆலோசகருக்கு இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் சிலர் சிரிப்பார்கள். துணியை விரித்த ஐந்தாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

சில காலம் முன்பு ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய அம்மா அழைத்துவந்தார். ஒரு வாரமாகப் பள்ளிக்கு நடந்து போக மறுக்கிறான். சாலையைக் கடக்கும்போது ஒரு கார் கிரீச்சிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றிருக்கிறது. அடி எதுவும் இல்லை, பயம்தான். அவனிடம் சாலை விதிகளைக் கேட்டேன். நிற்க வேண்டும், இரு பக்கமும் பார்க்க வேண்டும், ஓடக் கூடாது என்று ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். பிறகு துணியை விரித்து, பொம்மையைக் கையில் கொடுத்து, "நீ எங்கே நின்று கடப்பாய்?" என்றேன். ஓரமாக நிறுத்தியிருந்த லாரியின் மூக்கை ஒட்டிப் பொம்மையை நிறுத்தினான். ஏன் அங்கே? "இங்கிருந்து பார்த்தால் வண்டியே தெரியவில்லை."

அவன் சொன்னது உண்மை. லாரிக்குப் பின்னால் வருகிற எதுவும் அங்கிருந்து தெரியாது. 'வண்டி தெரியவில்லை' என்பதும் 'வண்டி வராது' என்பதும் அவனுக்கு ஒன்றுதான். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சனும் அவருடைய சக ஆய்வாளரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகள் கண்ணுக்கு வண்டி தெரிகிறதா என்பதை மட்டும் வைத்தே ஓர் இடம் பாதுகாப்பானதா என்று முடிவு செய்தார்கள். வளைவின் விளிம்பு, மேட்டின் உச்சி, மறைக்கும் புதர் என்று பெரியவர்கள் அஞ்சுகிற இடங்களையே அவர்கள் நல்ல இடங்கள் என்று கை காட்டினார்கள். நாம் வீட்டில் சொல்லித் தரும் விதிகள் எதுவும் இந்தப் பிழையைத் தொடுவதில்லை. இரு பக்கமும் பார் என்கிறோம். அவனும் பார்க்கிறான், லாரியைத்தான் பார்க்கிறான்.

சரியான இடத்தில் நிறுத்திவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஜோடி பிளமெர்ட், ஜோசப் கியர்னி ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில், சுற்றிலும் பெரிய திரைகளில் சாலையைக் காட்டி, அதற்குள் குழந்தைகளை நிஜமாகவே நடக்க வைத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவுகள் வெளியாயின. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து வண்டிகள் வருகின்றன. ஒவ்வொருவரும் 20 முறை கடக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தைகள் கடந்தவற்றில் 8 சதவீதம் மோதலில் முடிந்தது. எட்டு வயதில் 6, பத்து வயதில் 5, பன்னிரண்டு வயதில் 2. பதினான்கு வயதினருக்கும் பெரியவர்களுக்கும் மோதலே இல்லை. எண்களைவிடக் காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிறு குழந்தைகள் இடைவெளியைத் தேர்ந்தெடுத்த பிறகும் உடனே காலெடுத்து வைப்பதில்லை. ஒரு வண்டி கடந்த மறுகணமே பெரியவர் அதன் பின்னால் நுழைந்துவிடுகிறார். குழந்தை 'சரி' என்று தீர்மானித்து, உடம்பைத் தயார் செய்து, பிறகுதான் நகர்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடிவிடும். அந்தத் தயக்கத்தின் விலை அவ்வளவு.

இன்னொரு குறை கண்ணில் இருக்கிறது. நம்மை நோக்கி வரும் பொருளின் உருவம் விழித்திரையில் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் அது வந்துகொண்டிருக்கிறது என்று மூளை உணர்கிறது. இரண்டு வண்டிகளும் ஐந்து விநாடியில் நம்மை வந்தடையும் என்றால், வேகமாக வருவது கூடுதல் தூரத்தில் இருக்கும். ஆகவே அதன் உருவம் இன்னும் மெதுவாகத்தான் பெருகும். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவேயில் ஜான் வான் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளால் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டி நெருங்குவதை நம்பகமாக உணர முடியவில்லை. வேகமான வண்டி நின்றுகொண்டிருப்பதுபோல் தெரியலாம் என்று பொருள். கவனக்குறைவு என்று திட்டி இதைச் சரிசெய்ய முடியாது. வளர்ச்சிதான் சரிசெய்ய வேண்டும்.

அதனால்தான் குழந்தைகளைப் பொறுப்பாளியாக்கும் பேச்சு என் காதில் விழும்போது எரிச்சல் வருகிறது. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் உயிரிழக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் இதுதான். சிறு குழந்தையைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி மாற்ற முடியாது, போக்குவரத்தைத்தான் குழந்தைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று ஸ்வீடனின் ஸ்டினா சாண்டெல்ஸ் 1960-களிலேயே சொல்லிவிட்டார். உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வருபவர் அந்த 13 மீட்டரைக் கடக்கும்போது பிரேக்கில் கால்கூட வைத்திருக்க மாட்டார். பள்ளியைச் சுற்றி வேகத்தைக் குறைப்பதற்கு ஈடான பாடம் எந்த வகுப்பறையிலும் இல்லை. ஆனால் வேகத்தடை வரும்வரை நம் குழந்தைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கப் போவதில்லையே.

அந்தச் சிறுவனிடம் வருகிறேன். அன்று நடந்ததைப் பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு பொம்மைகளையும் எடுத்தான். அதுவரை எனக்குத் தெரியாது. அவன் தனியாகப் போகவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், பதினொரு வயது, கூடவே இருந்திருக்கிறான். அண்ணன் இடைவெளியைப் பார்த்து ஓடினான். இவன் அண்ணனைப் பார்த்து ஓடினான். அவ்வளவுதான் விபத்தின் கதை. அந்த இடைவெளி ஒருவருக்குப் போதுமானது, இருவருக்கு இல்லை. சின்னவன் சாலையைப் பார்க்கவே இல்லை. பார்த்தது அண்ணனின் முதுகை.

"அந்தப் பையனோடு ஏன் அனுப்பினீர்கள்?" என்று அம்மாவிடம் கேட்டேன். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. "நல்ல பையன், மரியாதையானவன், நன்றாகப் படிப்பான், இவனுக்கும் அவனைப் பிடிக்கும்" என்றார். நான்கு காரணங்கள். நான்கில் ஒன்றுகூடச் சாலையைப் பற்றியது இல்லை.

மனிதர்கள் வேலைக்குழுவுக்கு ஆள் எடுக்கும் விதத்தை ஆராய்ந்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதாக இருக்காது. பமேலா ஹிண்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குழுவில் யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். திறமைசாலி, உழைப்பாளி என்று பெயர் எடுத்தவர்களை மக்கள் தேடினார்கள். கூடவே தங்கள் இனத்தவரையும், முன்பு நெருங்கி வேலை செய்து பழகியவர்களையும் தேடினார்கள். தீசியானா கசியாரோவும் மிகெல் சோசா லோபோவும் 2005-இல் சொன்னது இன்னும் கூர்மையானது. திறமைதான் முக்கியம், பிடித்தவரா இல்லையா என்பது இரண்டாம்பட்சம் என்று வாயால் சொல்கிறவர்களே, உதவி வேண்டும்போது யாரிடம் போகிறார்கள் என்று பார்த்தால், பிடிக்காதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் போவதில்லை. பிடித்தவரிடம் துளி திறமை இருந்தாலும் தேடிப் போகிறார்கள்.

நம் சிறுவன் லாரியின் மறைவில் செய்த அதே பிழைதான் இது என்பது என் எண்ணம். 'வண்டி வருமா?' என்ற கடினமான கேள்விக்குப் பதிலாக 'வண்டி தெரிகிறதா?' என்ற எளிய கேள்விக்கு அவன் விடை சொன்னான். 'இவன் என் பிள்ளைக்காக நிற்பானா?' என்பதற்குப் பதிலாக 'இவன் நல்ல பையனா?' என்பதற்கு நாம் விடை சொல்கிறோம். விடை சரிதான். கேள்விதான் வேறு.

இந்த விஷயத்தில் சிம்பன்சிகள் நம்மைவிடப் பரவாயில்லையோ என்று தோன்றும். உகாண்டாவின் இங்காம்பா தீவுக் காப்பகத்தில் அலிசியா மெலிஸ் குழுவினர் 2006-இல் வெளியிட்ட சோதனை அது. உணவுத் தட்டை இழுக்க, கயிற்றின் இரு முனைகளையும் இருவர் ஒரே நேரத்தில் பிடித்து இழுக்க வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும். துணைக்கு யாரைக் கதவு திறந்து உள்ளே விடுவது என்று சிம்பன்சியே தீர்மானிக்கும். முதலில் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி அழைத்தவை, அடுத்த சுற்றிலேயே சொதப்புகிறவரை விட்டுவிட்டு, கைகொடுக்கத் தெரிந்தவரைப் பெரும்பாலும் அழைத்தன. ஒரு சுற்று அனுபவம் போதுமாக இருந்தது.

ஆனால் அவற்றுக்கு ஒரு வசதி இருந்தது. கூட்டாளி சரியில்லை என்றால் உணவு வராது, உடனே தெரிந்துவிடும். சாலை அப்படிச் சொல்லித் தராது. மோசமாகக் கடந்தவர்களும் பெரும்பாலும் அக்கரை போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். "இரண்டு வருடமாக ஒன்றாகத்தான் போகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று பெற்றோர் சொல்லும்போது, அந்த இரண்டு வருடத்தில் எத்தனை ஓட்டுநர்கள் பிரேக் போட்டுக் காப்பாற்றினார்கள் என்று யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை.

வயது ஏறினால் துணை தானாகவே நல்ல துணையாகிவிடும் என்பதும் நிச்சயமில்லை. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்கும் 2005-இல் வெளியிட்ட சோதனையில், கணினி விளையாட்டில் காரை எதுவரை ஓட்டிவிட்டு நிறுத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். பதின்வயதினர் தனியாக ஆடும்போது ஒரு விதமாகவும், நண்பர்கள் பக்கத்தில் நின்றால் வெகு துணிச்சலாகவும் ஆடினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. பதினொரு, பன்னிரண்டு வயது அண்ணன் அந்தப் பருவத்தின் வாசலில் நிற்பவன். கூட ஒரு சின்னவனும் வழியில் இரண்டு வகுப்புத் தோழர்களும் இருந்தால் யாருடைய கண்ணுக்காக அவன் கடப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பெற்றோரிடம் நான் சொல்வது சில எளிய வேலைகள்தான். முதலில், பிள்ளைகள் சேர்ந்து போகும்போது ஒரு நாள் அவர்களுக்குத் தெரியாமல் இருபது அடி பின்னால் நடந்து பாருங்கள். மூத்த பிள்ளை சாலை விளிம்பில் நின்று திரும்பிச் சின்னப் பிள்ளையைப் பார்க்கிறதா? அந்த ஒரு திரும்பலுக்காகத்தான் நீங்கள் போகிறீர்கள். வேறெதையும் பார்க்க வேண்டாம். அடுத்தது, 'கடக்கலாம்' என்று தீர்மானிப்பது மூத்த பிள்ளையாக இருக்கட்டும், 'நான் தயார்' என்று சொல்வது சின்னப் பிள்ளையாக இருக்கட்டும். அந்தச் சொல் வந்த பிறகே இருவரும் காலெடுக்க வேண்டும். முன்னால் சொன்ன தயக்கத்தை நீக்க முடியாது, அதைச் சாலை ஓரத்திலேயே செலவழித்துவிடலாம். கைப்பேசி பைக்குள் போகட்டும். பத்து, பதினொரு வயதுக் குழந்தைகள் பேசிக்கொண்டே கடந்தால் கவனம் குறைந்து மோதல்கள் கூடுவதை அலபாமாவில் செய்த மெய்நிகர் சோதனை 2009-இல் காட்டியிருக்கிறது.

பயிற்சி வேண்டுமென்றால் அது சாலை ஓரத்தில் நடக்க வேண்டும். தாம்சன் குழுவினர் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய 'கெர்ப்கிராஃப்ட்' திட்டத்தில் தன்னார்வப் பெற்றோர் ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளை நிஜத் தெருவுக்கே அழைத்துப் போனார்கள். நல்ல இடத்தைத் தேடுவது, நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே கடப்பது, சந்திப்புகளில் கடப்பது என்று மூன்று மட்டுமே பாடம். விடையைச் சொல்லாமல், "இங்கிருந்து உனக்கு எது தெரியாது?" என்று கேட்பதே போதுமானதாக இருக்கிறது என்பது என் அனுபவம். 'தெரிகிறதா' என்று கேட்டால் மனம் சோம்பிவிடும்.

இனி, குழந்தையிடமே கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள். இவற்றை ஜேக்கப் மொரேனோவிடமிருந்து கடன் வாங்கினேன். குழுக்களுக்குள் யார் யாரை விரும்புகிறார்கள் என்று 1930-களில் வரைபடம் போட்டவர் அவர். எதற்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைச் சொல்லாமல் 'யாரைப் பிடிக்கும்' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது அவருடைய முறையின் அடிப்படை. நான் முதலில் "யாரோடு நடந்து போக ஆசை?" என்று கேட்பேன். சற்றுப் பேசிவிட்டுப் பிறகு, "நிறைய வண்டி வருகிறது, உனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்தில் யார் இருந்தால் நல்லது?" என்பேன். இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தால் நிம்மதி. பல நேரம் வருவதில்லை. குழந்தைக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருக்கும். நாம் கேட்பது முதல் கேள்வியை மட்டும்.

அந்தச் சிறுவனிடமும் கேட்டேன். முதல் கேள்விக்கு அண்ணன் பெயர். இரண்டாவதற்கு நெடுநேரம் மரப் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த தெருவிலிருந்து வரும் ஓர் அக்காவின் பெயரைச் சொன்னான். "அவளோடு போனால் ஜாலியாக இருக்காது. ஆனால் அவள் நிற்பாள்."

அம்மாவுக்கு அந்தப் பெண்ணை அவ்வளவாகத் தெரியாது. அதிகம் பேசாதவள், வணக்கம்கூடச் சொல்ல மாட்டாள் என்று சற்றுக் குறைபட்டுக்கொண்டார். போய்ப் பின்னால் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். பத்து நாள் கழித்து வந்தார். மூன்று நாள் பார்த்தாராம். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் விளிம்பில் நின்று, திரும்பி, இவன் வரும்வரை காத்திருந்தாளாம். ஒருநாள் இவன் செருப்பு வார் அறுந்து குனிந்தபோது, கடக்கக் கிடைத்த நல்ல இடைவெளியை விட்டுவிட்டு அவளும் நின்றிருக்கிறாள். பையன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான். அண்ணனோடு மாலையில் விளையாடப் போகிறான். காலையில் மட்டும் அக்காவோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறானாம்.