பாதி விதை சோதனைக்கு, மீதி விதை மண்ணுக்கு

"கனோலா என்பதே மரபணு மாற்றிய பயிர்தானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கனடாவில் இன்று விளையும் கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரில் பெரும்பகுதி களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றப்பட்டது, உண்மைதான். ஆனால் அது 1995-இல் வந்தது. அந்த எண்ணெயைச் சமையலுக்கு உகந்ததாக ஆக்கிய மாற்றம் அதற்கும் இருபதாண்டு மூத்தது. முழுக்க முழுக்க மகரந்தம் தொட்டுச் செய்த கலப்பினம்.

கனோலாவின் முன்னோர் ரேப்சீட், கடுகுக் குடும்பத்துச் செடி. அதன் எண்ணெயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எரூசிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் கப்பல் எந்திரங்களுக்கு அருமையான மசகு. எலிகளுக்கு அதிகம் கொடுத்தபோதோ இதயத் தசையில் கொழுப்பு படிந்தது. எனவே கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் பால்டர் ஸ்டெஃபான்சனும் சஸ்கட்டூன் நகரில் கீத் டவுனியும் எரூசிக் குறைந்த செடியைத் தேடினார்கள். 'லிஹோ' என்ற ஜெர்மன் தீவன ரகத்தில் அது கிடைத்தது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். மெண்டலின் பட்டாணியில் ஒரே காய்க்குள் மஞ்சள் பருப்பும் பச்சைப் பருப்பும் கலந்திருந்தது நினைவிருக்கும். பருப்பு, அதாவது விதையிலை, பிள்ளையின் உடல். விதைத்தோல் தாயின் உடல். ரேப்சீட்டில் எண்ணெய் சேர்வது பெரும்பாலும் விதையிலையில்தான். அதனால் ஒரே செடியின் ஒரே காயில்கூட விதைக்கு விதை எண்ணெய் மாறும். ஓலிக் அமிலத்தின் 18 கார்பன் சங்கிலியை 22 ஆக நீட்டி எரூசிக் ஆக்கும் நொதிக்கு இரண்டு மரபணுக்கள்; தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என மொத்தம் நான்கு நகல்கள். இங்கே ஓங்கு, ஒடுங்கு என்ற பேச்சில்லை. வேலை செய்யும் ஒவ்வொரு நகலும் ஏறத்தாழ 10 சதவீத எரூசிக்கைக் கூட்டும். எரூசிக் உள்ள செடியையும் இல்லாத செடியையும் இணைத்த கலப்பினச் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் நான்கு நகலும் பழுதான விதை பதினாறில் ஒன்று விழும்.

அது எந்த விதை? எண்ணெயைச் சோதிக்க விதையை நசுக்க வேண்டும். நசுக்கினால் நட முடியாது. சில மில்லிகிராம் எடையுள்ள அந்த விதையை டவுனி குழுவினர் ஈரத்தாளில் முளைக்க வைத்தார்கள். தோலை நீக்கினால் ஒரு விதையிலை இன்னொன்றை அணைத்தபடி மடிந்திருக்கும். வெளியிலையை மட்டும் கத்தியால் அறுத்து எடுத்து எண்ணெயின் அமிலங்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பியல் கருவிக்கு அனுப்பினார்கள். முளைவேரோடு உள்ள மீதி பாதி தொட்டிக்குப் போனது. எரூசிக் இல்லை என்று முடிவு வந்த நாற்றை மட்டும் வளர்த்தால் போதும்! உடனடி லாபம் தராத இந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுத்தது அரசுப் பணம். ஆராய்ச்சிக்கான நிதியை நம் அரசுகளும் இப்படி நீண்ட காலக் கணக்கில் ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கடுகுக்குக் காரம் தரும் குளுக்கோசினோலேட்டில் இந்த உத்தி பலிக்காது. அதைத் தாய்ச்செடி தன் திசுக்களில் தயாரித்து விதைக்குள் அனுப்புகிறது. ஆகவே விதையில் உள்ள அளவு தாயின் மரபணுவைச் சொல்லுமே தவிர, பிள்ளையின் மரபணுவைச் சொல்லாது. அந்த விதையை நட்டு, வளர்த்து, அது காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும். 'ப்ரோனோவ்ஸ்கி' என்ற போலந்து ரகத்திலிருந்து குளுக்கோசினோலேட் குறைந்த குணத்தையும் சேர்த்து, இரண்டும் குறைந்த 'டவர்' ரகத்தை ஸ்டெஃபான்சன் 1974-இல் வெளியிட்டார். நம் நாட்டுக் கடுகிலும் இதே இரட்டைக் குறைப்பைச் செய்து, டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'பூசா மஸ்டர்ட் 31' தந்திருக்கிறது. தாளிப்பில் காரம் வேண்டுவோர் பழைய கடுகையே வாங்கலாம்.