நமுத்த சமோசா, இறுகிய நான் ரொட்டி

நண்பர்கள் வீட்டுக்கு வரும் நாளில் பார்சல் வாங்கிவிட்டால் சமையல் வேலை மிச்சம். ஆனால் பொட்டலத்தைப் பிரித்தால் சமோசா தொய்ந்து கிடக்கும், நான் ரொட்டி பிய்க்க வராமல் தோல் போல இழுபடும். கடையில் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் வரும் வழியில், டப்பாவுக்குள் நடந்த மாற்றம்தான் காரணம்.

சமோசாவை எண்ணெயில் போட்டதும் சடசடவென்று குமிழி கிளம்புகிறதே, அது மேல்மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. ஈரம் போன மேலோடு கண்ணாடி போல விறைத்துவிடும். கடித்தால் வளையாது, உடையும். மொறுமொறுப்பு என்பது அந்த உடைசல்தான். உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கு மசாலாவோ நல்ல ஈரம். எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் அது ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். திறந்த தட்டு என்றால் ஆவி காற்றோடு போய்விடும். மூடிய டப்பாவில் போக வழியில்லை. மூடியில் பட்டுக் குளிர்ந்து துளியாகச் சொட்டும், மீதியை மேலோடு உறிஞ்சிக்கொள்ளும். மாவுச்சத்து இழைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்ததும் அவை அசைய இடம் கிடைக்கிறது, ஓடு வளைகிறது. மழைக்காலத்தில் திறந்து வைத்த அப்பளம் நமுப்பதும் இப்படித்தான்.

நான் ரொட்டியில் இன்னொன்றும் சேர்கிறது. தந்தூர் அடுப்பின் கடும் சூட்டில் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பி மென்மையாகும். ஆறும்போது, கலைந்த மூலக்கூறுகள் மறுபடி வரிசையாக அடுக்கிக்கொண்டு இறுகும். காய்ந்துபோனதால்தான் ரொட்டி இறுகுகிறது என்று நாம் எண்ணுவது இயல்பு. பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1852-இலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். ஈரம் வெளியேற முடியாதபடி மூடி வைத்த ரொட்டியும் இறுகியது. 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கியதும் இளகியது. தண்ணீர் எங்கும் போகவில்லை, மூலக்கூறுகளின் அடுக்குதான் மாறியது! இவ்வளவு எளிமையான சோதனை இவ்வளவு பெரிய விஷயத்தைக் காட்டியது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? நான் ரொட்டி மீது லேசாகத் தண்ணீர் தெளித்து, சூடான தோசைக்கல்லில் இரு பக்கமும் வாட்டினால் அந்த அடுக்கு கலைந்துவிடும். ஆறினால் திரும்ப இறுகும் என்பதால் ஒவ்வொன்றாக வாட்டி உடனே பரிமாறுங்கள். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் மூலக்கூறுகள் இன்னும் வேகமாக அடுக்கிக்கொள்ளும். ஃப்ரீசரில் வைக்கலாம். சமோசாவுக்கு மைக்ரோவேவ் கூடாது. அது உள்ளே இருக்கும் தண்ணீரைச் சூடாக்கி இன்னும் ஆவியை ஓட்டுக்கு அனுப்பும். ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ வையுங்கள், சுற்றிவரும் சூடான உலர்காற்று ஈரத்தை வெளியே இழுத்துவிடும். வீடு வந்து சேர்ந்ததுமே டப்பாவைத் திறந்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பிரியாணியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் மீதிச் சோறு மேசையிலேயே கிடக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த பிறகும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.