கே.ஆர்.பி. அணை 52 அடி, ஸ்கூபா கார்டு 18 மீட்டர்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான். முதுகில் காலி கேனையோ லாரி டியூபையோ கட்டி மாமாவோ சித்தப்பாவோ தள்ளிவிடுவார், கொஞ்ச நாளில் கை கால் அடிக்க வந்துவிடும், அப்புறம் மூச்சைப் பிடித்து அடிவரை முங்கி ஒரு பிடி சேறு அள்ளிவந்து காட்டினால்தான் மேட்டில் நிற்கிற பையன்கள் ஒத்துக்கொள்வார்கள். இப்படிப் பழகியவர்கள், சிலிண்டர் காற்றில் மூச்சுவிட்டபடி கடலுக்குள் முங்கும் ஸ்கூபா கற்கப் புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ போனால் தண்ணீர் பயம் இருக்காது, அது பெரிய லாபம். ஆனால் இன்ஸ்ட்ரக்டர் சொல்லும் முதல் விதியே அவர்கள் பழக்கத்துக்கு நேர் எதிராக இருக்கும்: மூச்சைப் பிடிக்கவே கூடாது.

காரணம் அழுத்தம். கடல்மட்டத்தில் நம்மேல் இருப்பது 1 வளிமண்டல அழுத்தம், கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று கூடும். 10 மீட்டரில் 2, 20-ல் 3, 30-ல் 4. அழுத்தம் இரட்டிப்பானால் காற்றின் கனஅளவு பாதியாகும். கிணற்று மேட்டில் இழுத்த மூச்சு அடியில் சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் கதை வேறு. சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று தரும் ரெகுலேட்டர், நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திலேயே அதைக் கொடுக்கிறது, 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து, அதைப் பிடித்தபடி மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. 2 மீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து வரும்போதுகூட நுரையீரல் கிழியலாம். அதனால்தான் காற்று தீர்ந்துபோனால் மேலே வருவது எப்படி என்ற பயிற்சியில், ரெகுலேட்டரை வாயிலேயே வைத்துக்கொண்டு வழி முழுக்க “ஆ…” என்று ஓசை எழுப்பியபடி வரச் சொல்கிறார்கள். சத்தம் வந்தால் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம், பக்கத்தில் வரும் இன்ஸ்ட்ரக்டருக்கும் அது கேட்கும்.

இந்த அடிப்படையைச் சொல்லித்தரும் முதல் படிதான் ஓப்பன் வாட்டர் டைவர், தேறினால் அதற்கான சான்றாக ஒரு கார்டு தருவார்கள். சுற்றுலாப் போன இடத்தில் ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்துக்கொண்டு இறக்குவார்களே, அதற்கு இந்தக் கார்டு கிடைக்காது, பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி அதில் 12 மீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓப்பன் வாட்டர் என்பது முழுப் படிப்பு: பாடம், தேர்வு, நீச்சல் குளத்தில் பயிற்சி, கடைசியில் கடலில் 4 டைவ். 10 வயதிலிருந்து சேரலாம். சேருமுன் ஆஸ்துமா, இதயம், காது பற்றிய மருத்துவப் படிவம் ஒன்று தருவார்கள், அதில் பொய் எழுதுகிறவர்கள் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும், கிணற்றுக்காரர்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. கஷ்டம் வேறிடத்தில் வரும். தண்ணீருக்கடியில் மாஸ்க்கைக் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் காற்றை ஊதி உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியேற்ற வேண்டும், பாதிப் பேர் திணறுவது அங்கேதான்.

தேறிய பெரியவர்கள், கூட ஒரு துணையோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். சில அமைப்புகளில் அது 20. நம்ம கே.ஆர்.பி. அணை நிரம்பினால் 52 அடி, அதாவது 16 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அணையில் யாரும் உங்களை சிலிண்டரோடு இறங்க விடப்போவதில்லை என்றாலும், முதல் கார்டின் ஆழமே அதைவிட அதிகம் என்பது தெரிந்திருக்கட்டும்.

அடுத்தது அட்வான்ஸ்டு, 30 மீட்டர். இதற்கு 5 டைவ் போதும். முதல் படிப்பின் 4 டைவையும் சேர்த்தால் ஒன்பதே டைவில் ஒருவர் கையில் அட்வான்ஸ்டு கார்டு வந்துவிடும், எனக்கு அது கொஞ்சம் அவசரமாகத்தான் படுகிறது. ஏனென்றால் 30 மீட்டரில் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஒன்று, காற்றுச் செலவு. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, வடிகட்டி அழுத்திய சாதாரணக் காற்றுதான். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,400 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு மேலே 2 மணி நேரம் வரும், 30 மீட்டரில் அரை மணி நேரம், அதிலும் மேலே வருவதற்கென்று ஒதுக்கியது போக மிச்சம்தான். இரண்டாவது, நைட்ரஜன் போதை. 30 மீட்டர் வாக்கில் பலருக்குத் தலை லேசாகக் கிறுகிறுக்கும், காரணமில்லாமல் சிரிப்பு வரும். இன்ஸ்ட்ரக்டர் பலகையில் ஒரு சின்னக் கூட்டல் கணக்கை எழுதிக் காட்டி, கரையில் எடுத்த நேரத்தையும் அடியில் எடுக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு.

மூன்றாவதுதான் பெரிது. அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது, வேகமாக மேலே வந்தால் குமிழியாக வெளிவந்து மூட்டுகளையும் நரம்பையும் பதம்பார்க்கிறது. 1908-ல் உடலியல் அறிஞர் ஜே.எஸ். ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எந்த ஆழத்திலிருந்து எப்படி நின்று நின்று மேலே வருவது என்ற முதல் அட்டவணைகளை வெளியிட்டார், இன்று கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கும் அந்த வழிதான் மூலம். பாடி அட்டவணைப்படி, நைட்ரஜன் வெளியேறுவதற்காக வழியில் நின்றே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லாமல் மேலே வருவதென்றால் 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம், 30-ல் 20, 40-ல் வெறும் 9. 40 மீட்டர்தான் பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை, அதற்கு டீப் என்று தனிப் படிப்பு உண்டு. மேட்டூர் அணையின் 120 அடி நிரம்பினால் சுமார் 36.5 மீட்டர், அட்வான்ஸ்டு கார்டுக்காரர்கூட அந்த ஆழத்துக்குப் போகக் கூடாது.

ஆக்சிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸுக்கும் ஒரு படிப்பு உண்டு, அதை ஆழமாகப் போவதற்கென்று நினைக்கிறார்கள், அது தலைகீழ். ஆக்சிஜனை 32 சதவீதமாக்கி நைட்ரஜனைக் குறைத்தால் அதே ஆழத்தில் கூடுதல் நேரம் இருக்கலாம், ஆனால் 33 மீட்டரைத் தாண்டினால் அந்த ஆக்சிஜனே வலிப்பு வரவழைக்கக்கூடும்.

அப்புறம் ரெஸ்க்யூ. கூடுதல் ஆழம் எதுவும் தராத படிப்பு இது, என் பார்வையில் காசுக்கு அதிகம் தருவதும் இதுதான். பதறிப்போனவர் உங்கள் மாஸ்க்கைப் பிடுங்குமுன் எங்கிருந்து அணுகுவது, மயங்கியவரை எப்படி மேலே கொண்டுவருவது என்பதெல்லாம் இங்கேதான் வருகிறது. அதற்கு மேல் டைவ்மாஸ்டர், 18 வயதும் 60 டைவும் வேண்டும், அது தொழிலுக்குப் போகிறவர்கள் வழி.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. அட்டவணைகள் கடல்மட்டத்துக்கு எழுதியவை, 300 மீட்டருக்கு மேல் உள்ள நீர்நிலையில் இறங்கினால் அது உயரப் பகுதி டைவிங், கணக்கை மாற்ற வேண்டும். தர்மபுரியே 450 மீட்டருக்கு மேல். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம், அதனால் டைவ் முடித்து விமானம் ஏற ஒரே ஒரு டைவுக்குக் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பு. அந்த அறிவுரை சுமார் 600 மீட்டருக்கு மேலான உயரத்துக்கெல்லாம் பொருந்தும், அங்கே விமானத்தில் போகிறீர்களா பஸ்ஸிலா என்று நைட்ரஜன் பார்ப்பதில்லை. கிருஷ்ணகிரியில் இறங்குகிறவருக்குப் பிரச்சினையில்லை, சூளகிரி தாண்டி ஓசூர் ஏறினால் 850 மீட்டருக்கு மேல் போய்விடும். ஞாயிறு மதியம் புதுச்சேரியில் இரண்டு டைவ் அடித்துவிட்டு திங்கள் காலை ஷிஃப்டுக்கு ராத்திரியே பஸ் பிடிப்பது சரிவராது. வெள்ளி, சனி கடலில் இறங்கிவிட்டு, ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கிளம்பினால் ஓசூர்க்காரர்களுக்குத் தோதாக இருக்கும்.